பழைய மோட்டார் வண்டிக்கு ஏற்ற கைக்கருவிகள்

இலங்கையின் வீதிகளில், சிறப்பாக யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலே செய்யப்பெற்ற மோட்டார் வண்டிகளை இன்றும் காணலாம். ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் முதலிய பெயர்களை அறியாத முதியவர் இங்கு அரியர். இவ்வண்டிகள் இத்துணைக் காலம் நிலைத்தமைக்குக் காரணம் பழமையின் மீதுள்ள பற்று மட்டுமன்று. 1960 களில் ஏற்பட்ட அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் புதிய வண்டிகளின் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் அக்கட்டுப்பாடு தளரும்வரை, உள்ள வண்டியைத் திருத்தி ஓட்டுவதன்றிப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. 1990 களில் வடபகுதியில் பெற்றோல் கிடைத்தற்கரிதான காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயால் வண்டியை ஓட்டினர். 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. உள்ளதைப் பேணுதல் இந்நாட்டிற் பொழுதுபோக்காகுமுன் தேவையாகவே இருந்தது.

இன்று அது பொழுதுபோக்காகவும் வளர்ந்துள்ளது. தந்தையோ பாட்டனாரோ ஓட்டிய வண்டி வீட்டுக் கொட்டிலில் தூசி படிந்து நிற்கின்றது. ஓய்வுநாள்களில் அதனைச் சிறிது சிறிதாகக் கழற்றித் துப்புரவு செய்து மீண்டும் ஓடவைக்கவேண்டும் என்னும் ஆசை வீட்டில் ஒருவருக்கு எழுகின்றது. ஆசை எழுந்ததும் தோன்றும் முதல் வினா, என்னென்ன கருவிகள் வேண்டும் என்பதே. வினை செய்யப் புகுவோன் தெளிந்துகொள்ள வேண்டியவற்றுள் கருவியையும் ஒன்றாக எண்ணி வைத்தவர் வள்ளுவர். ஆயினும் இவ்வினாவுக்குப் பலர் காணும் விடை இரண்டு பிழைகளுள் ஒன்றாக முடிகின்றது. சிலர் கையில் அகப்பட்ட ஒரு குறட்டையும், வாய் விரிந்து சுருங்கும் ஒரு ஸ்பானரையும் கொண்டு வேலையைத் தொடங்கி, முதல் நாளிலேயே நட்டுகளின் மூலைகளை மழுக்கிவிடுகின்றனர். வேறு சிலர் நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் அடங்கிய பளபளப்பான பெட்டியொன்றைப் பெரும்பணம் கொடுத்து வாங்குகின்றனர். அதில் அவர்தம் வண்டிக்குப் பொருந்துவன பத்தும் இருப்பதில்லை.

இவ்விரு பிழைகளையும் தவிர்க்கும் வழி எளிது. முதலில் வண்டியை அறியவேண்டும். பின்னரே கருவியை வாங்கவேண்டும். இதனை விளக்குதற்கு மொறிஸ் மைனர் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தமாகும். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அவ்வண்டி 1948 இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. 1960 ஆம் ஆண்டு முடிவில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது; பிரித்தானிய வண்டிகளுள் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. 1952 இல் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1956 இல் 948 எஞ்சினும், 1962 இல் 1098 எஞ்சினும் அதற்குப் பொருத்தப்பட்டன. இவை மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அமைப்பில் எளிமையும், உறுப்புகளிடையே கை நுழைய இடமும் இருத்தலால், வீட்டிலிருந்து வேலை பழகுவோர்க்கு இது உகந்த வண்டி எனப் பெயர்பெற்றது.

கருவித் தேர்வின் அடிப்படை நட்டும் போல்ற்றும் ஆகும். அவற்றின் அளவு எல்லா வண்டிகளிலும் ஒன்றன்று என்பதே தொடக்கநிலையில் பலர் அறியாத செய்தி. 1841 இல் யோசேப் விற்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டிருந்த ஆணிப்புரிகளை ஒரே அளவுக்குள் கொண்டுவர ஒரு முறையை வகுத்தார். அம்முறையில் புரியின் கோணம் 55 பாகை. அதே கோணத்தில் நெருக்கமான புரிகளை உடைய நுண்புரி முறை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனுடன் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரும் பிரித்தானியரும் கனேடியரும் ஒருவர் செய்த இயந்திரத்துக்கு மற்றவர் உறுப்புச் செய்ய முயன்றபோது, புரிகள் பொருந்தாமையால் பெருந்தொல்லை விளைந்தது. போர் முடிந்தபின் மூன்று நாடுகளும் உடன்பட்டு, 60 பாகைக் கோணமுடைய ஒருமைப் புரி முறையை ஏற்றன. மொறிஸ் மைனர் பிறந்த காலம் இம்மாற்றம் நிகழ்ந்த காலமாகும். ஆதலால் அதன் தொடக்கக்கால வண்டிகளில் பழைய முறையும் கலந்து காணப்படலாம். 1950 களின் நடுப்பகுதிக்குப் பிந்திய வண்டிகளில் பெரும்பாலும் ஒருமைப் புரியே உண்டு. மின்னுறுப்புகளிலோ பிரித்தானியச் சங்க முறை எனப்படும் சிறு திருகாணிகள் நீண்டகாலம் நின்றன.

ஒருமைப் புரி நட்டுகளுக்குரிய ஸ்பானரின் மீது பொறிக்கப்பட்டிருக்கும் எண், ஸ்பானரின் வாயகலத்தை அங்குலத்திற் குறிப்பது. கால் அங்குலப் போல்ற்றுக்கு 7/16 அங்குல ஸ்பானரும், 5/16 போல்ற்றுக்கு 1/2 அங்குல ஸ்பானரும், 3/8 போல்ற்றுக்கு 9/16 அங்குல ஸ்பானரும் வேண்டும். விற்வேர்த் ஸ்பானரிலோ எண் வாயகலத்தைக் குறிப்பதன்று. அது போல்ற்றின் தடிப்பைக் குறிப்பது. கால் அங்குலம் எனப் பொறித்த விற்வேர்த் ஸ்பானரின் வாய், ஏறத்தாழ அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டு, 0.525 அங்குலமாக இருக்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் ஸ்பானரின் எண்ணைப் பார்த்து மயங்குவது இயல்பே.

அரை அங்குல நட்டை விற்வேர்த்தின் கால் அங்குல ஸ்பானரும் பற்றுவது போலத் தோன்றும். இடைவெளி 0.025 அங்குலமே, அதாவது ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவே. இத்துணைச் சிறிய இடைவெளி என்ன செய்யும் என எண்ணத் தோன்றும். ஆயின் நட்டின் தட்டையான பக்கத்தின்மேற் பரவி நிற்கவேண்டிய விசை, இடைவெளியினால் ஸ்பானர் சற்றே சாய்ந்தவுடன், மூலைகளின் மேற் குவிகின்றது. பல்லாண்டு கறள் பிடித்து இறுகிய நட்டு அசையுமுன் அதன் மூலை நசிந்துவிடும். இரண்டாம் முறை ஸ்பானர் நழுவும். நழுவிய கை அருகிலுள்ள கூரான தகட்டில் மோதும். ஐந்து நிமிட வேலை அரைநாள் வேலையாவதும், பழுதுபார்ப்போன் கையில் கட்டுப்போடுவதும் பெரும்பாலும் இவ்வாறே நேர்கின்றன.

மில்லிமீற்றர் ஸ்பானர்களுக்கும் இது பொருந்தும். இக்காலத்துக் கடைகளில் எளிதிற் கிடைப்பவை அவையே. ரொயோட்டா, டற்சன் முதலிய யப்பானிய வண்டிகளுக்கு 10, 12, 14, 17, 19 மில்லிமீற்றர் ஸ்பானர்கள் இன்றியமையாதன. மொறிஸ் மைனருக்கு அவை எம்மட்டில் உதவும் எனக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீற்றர், 19 ஆம் இலக்க ஸ்பானர் அதற்குச் செம்மையாகப் பொருந்தும். 5/8 அங்குலம் 15.88 மில்லிமீற்றர், 16 ஆம் இலக்கமும் உதவும். அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர், 13 ஆம் இலக்கம் தளர்வான நட்டுக்கு உதவலாம், இறுகிய நட்டுக்கு ஆகாது. 9/16 அங்குலமோ 14.29 மில்லிமீற்றர்; 14 அதனுட் புகாது, 15 அதன்மேல் ஆடும். வண்டியில் மிகுதியாக வேண்டப்படும் அளவுகளுக்கே மில்லிமீற்றர் ஸ்பானர் பொருந்தாமை இதனால் விளங்கும். தச்சரும் கொல்லரும் நூல் என வழங்கும் அங்குலத்தின் எட்டிலொரு பங்கும், அதனிற் பாதியும் கணக்கில் வரும் தொழில் இது. கண்மதிப்பு இங்குச் செல்லாது.

இனி ஸ்பானரின் வகைகளை நோக்கலாம். திறந்த வாயுடைய ஸ்பானர் நட்டின் இரு பக்கங்களையே பற்றும். பக்கவாட்டிலிருந்து செருகத்தக்கதாதலால் ஒடுங்கிய இடங்களில் உதவும். ஆயின் இறுகிய நட்டைத் திறக்க அது முதற் கருவியன்று. வளைய ஸ்பானர் நட்டைச் சுற்றி வளைத்து ஆறு மூலைகளிலும் விசையைப் பகிர்ந்தளிக்கும். ஒரு முனை வளையமும் மறுமுனை திறந்த வாயுமாக உள்ள கூட்டு ஸ்பானர், குறைந்த செலவில் இரண்டின் பயனையும் தருவதால், முதலில் வாங்குதற்கு ஏற்றது. வளையத்தின் உட்புறம் ஆறு மூலை உடையதும் பன்னிரண்டு மூலை உடையதும் என இருவகைப்படும். பன்னிரண்டு மூலையது சிறு அசைவிலும் மறுபடி பொருந்தும். ஆறு மூலையது இறுகப் பற்றும். கறள் பிடித்த பழைய வண்டிக்கு ஆறு மூலையே மேலானது.

சொக்கற் எனப்படும் குழல் வடிவக் கருவி வேலையை விரைவாக்கும். அதன் பின்புறச் சதுரத் துளை கால், மூன்றெட்டு, அரை அங்குலம் என மூன்று அளவுகளில் வருகின்றது. வீட்டுப் பட்டறைக்கு அரை அங்குலத் துளையுடைய ஒரு கட்டே போதும். பின்னர் இடுக்கான இடங்களுக்கென மூன்றெட்டுக் கட்டைச் சேர்க்கலாம். சொக்கற்றைச் சுழற்றும் றச்சற் கைப்பிடியினுள்ளே சிறு பற்களும் அவற்றைத் தடுக்கும் நாவும் உள்ளன. நட்டு இளகிய பின் அதனை விரைந்து கழற்றவே அது செய்யப்பட்டது. இறுகிய நட்டை அதனால் உடைக்க முயல்வதும், அதன்மேற் குழாயைச் செருகி நீட்டுவதும் அந்நாவை முறிக்கும். அவ்வேலைக்குப் பற்களில்லாத நீண்ட கைப்பிடி தனியே உண்டு. அதன் விலை மிகுதியன்று, பயனோ பெரிது. தீப்பொறி பிளக்கைக் கழற்றுதற்கு 13/16 அங்குல அளவில், உள்ளே றப்பர் வைத்த சிறப்புச் சொக்கற் ஒன்றும் வேண்டும்.

பிறேக் குழாய்களின் நட்டுகள் தனிக் கவனம் வேண்டுவன. அவை மெல்லியவை, நடுவே குழாய் செல்வதால் வளைய ஸ்பானரை அவற்றின்மேல் இறக்க இயலாது. திறந்த வாய் ஸ்பானரோ அவற்றை எளிதில் மழுக்கிவிடும். ஒரு பக்கம் வெட்டுவிட்ட வளையமாக அமைந்த ஸ்பானர் இதற்கென்றே செய்யப்படுகின்றது. குழாயைத் தாண்டி உட்புகுந்து, நட்டின் ஐந்து மூலைகளை அது பற்றும். பிறேக் வேலையை மேற்கொள்ளக் கருதுவோர் இந்த ஒரு ஸ்பானருக்காகச் செலவிடத் தயங்கலாகாது. பாதி மழுங்கிய நட்டை ஒருவாறு இறுக்கிவிட்டு வீதியில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

ஸ்குரூ டிறைவர் என்னும் திருப்புளியிலும் பொருத்தமே முதன்மையானது. நேர்வெட்டுத் திருகாணிக்குத் திருப்புளியின் நுனி வெட்டின் நீளம் முழுவதையும் நிரப்பவேண்டும். வெட்டின் அடியைத் தொடவேண்டும். நுனி ஆப்புப் போலச் சரிந்திருந்தால் திருகும்போது அது மேலெழுந்து வெட்டைச் சிதைக்கும். குறுக்குவெட்டுத் திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோலிருப்பினும் வெவ்வேறானவை. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸின் பெயரால் 1930 களிற் பரவியது பிலிப்ஸ் வகை. 1960 களில் இங்கிலாந்திற் பரவியது பொசிடிறைவ் வகை. பின்னதன் தலையில் பெரிய குறுக்குக்கோடுகளுக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் அடையாளமாக இருக்கும். யப்பானிய வண்டிகளில் உள்ளது இவ்விரண்டிலும் சற்று வேறுபட்டது. ஒன்றற்குரிய திருப்புளியை மற்றொன்றில் இட்டால் அது வழுக்கித் தலையை அரைத்துவிடும்.

பிறேக் வட்டுறைகளைப் பிடித்திருக்கும் திருகாணிகள் போன்றவை சாதாரணத் திருப்புளிக்கு மசிவதில்லை. அவற்றுக்குத் தட்டுத் திருப்புளி என்னும் கருவி உதவும். அதன் தலையிற் சுத்தியலால் அடித்தால், அடியின் வேகத்தாலேயே நுனி வெட்டினுள் அழுந்தியவாறு சிறிது திரும்பும். மேலெழும் போக்கை அடியே தடுத்துவிடுகின்றது. ஆண்டுக்கு நான்கைந்து முறையே வேண்டப்படினும், வேண்டும்போது இதற்கு ஈடு வேறில்லை.

கடற்காற்றும் ஈரப்பதமும் மிகுந்த இந்நாட்டிற் பழைய வண்டியின் பெரும்பகை கறள். அதனோடு போராடுதற்கு வலிமையினும் பொறுமையே சிறந்த கருவி. முதலில் கம்பித் தூரிகையால் புரியின் வெளித்தெரியும் பகுதியைத் துடைக்கவேண்டும். பின்னர் ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓரிரவு விடவேண்டும். மறுநாளும் இட்டு, ஒரு இறாத்தல் நிறையுள்ள உருண்டைமுனைச் சுத்தியலால் போல்ற்றின் தலையில் மெல்லத் தட்டவேண்டும். அத்தட்டு கறளின் பிடியைப் பிளந்து எண்ணெய்க்கு வழிவிடும். ஸ்பானரை இட்டபின், திறக்கும் திசையில் மட்டும் முயலாது, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால் முறிவு குறையும். சூடேற்றுதலும் ஒரு வழியே. நட்டு விரிந்து கறள் விடும். ஆயின் பெற்றோல் தாங்கிக்கும் குழாய்க்கும் அருகே தீ எவ்வளவு சிறிதாயினும் கூடாது. வெறுமையான தாங்கியில் நிற்கும் ஆவி, நிறைந்த தாங்கியிலும் கொடியது.

முறிந்த ஆணிகளையும் பழுதான புரிகளையும் சீராக்கப் புரிவெட்டிகள் பயன்படும். இங்கும் முன்கூறிய எச்சரிக்கை உண்டு. கால் அங்குல ஒருமை நுண்புரியில் ஓர் அங்குலத்துக்கு 28 புரிகள்; பழைய பிரித்தானிய நுண்புரியில் 26. ஒன்றன் ஆணி மற்றதனுள் இரண்டு மூன்று சுற்று இலகுவாகச் செல்லும், பின் இறுகும். எண்ணெய் போதாது என எண்ணி வலிந்து திருகுபவர் இரண்டு புரிகளையும் அழித்துவிடுவர். புதிய ஆணி கையாலேயே பெரும்பகுதி செல்லவேண்டும்; செல்லாவிடின் ஆணி வேறு வகையானது என்றே கொள்ளவேண்டும். புரிகளின் நெருக்கத்தை அளக்கும் சீப்புப் போன்ற சிறு கருவி மலிவானது. இவ்வையத்தை நொடியில் தீர்ப்பது. எஞ்சிய வேலைகளுக்கு மேசையிற் பொருத்திய ஒரு வைஸ், இரண்டு மூன்று அரங்கள், ஓர் உளி, இரும்பறுக்கும் வாள், சாதாரணக் குறடும் நீள்மூக்குக் குறடும் போதுமானவை. வாளின் அலகில் தடித்த இரும்புக்கு அங்குலத்துக்கு 18 பற்களும், மெல்லிய தகட்டுக்கு 32 பற்களும் வேண்டும்.

கழற்றுவது ஒரு பாதி. மீண்டும் பூட்டுவது மறு பாதி. பூட்டும்போது கை உணர்வை மட்டும் நம்பலாகாத இடங்கள் சில உண்டு. மைனரின் சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் நட்டுகளுக்கு 40 இறாத்தல்-அடி முறுக்கு விதிக்கப்பட்டுள்ளது. நட்டின் மையத்திலிருந்து ஓரடி தூரத்தில் 40 இறாத்தல் விசையால் இழுப்பதற்கு அது சமம். மீற்றர் அளவில் ஏறத்தாழ 54 நியூற்றன்-மீற்றர். குறைந்தால் நீரும் வாயுவும் கசியும். மிகுந்தால் ஆணி நீளும், ஹெட் கோணும். முறுக்கின் அளவு காட்டும் ஸ்பானரே இதற்குரிய கருவி. நடுவிலுள்ள நட்டில் தொடங்கி வெளிநோக்கி, இரண்டு மூன்று தவணைகளாக இறுக்கவேண்டும். வேலை முடிந்ததும் அந்த ஸ்பானரின் வில்லைத் தாழ்ந்த அளவுக்குத் தளர்த்தி வைத்தாற்றான் அதன் கணக்குத் தவறாது. இவ்வெஞ்சினில் வால்வுகளை இயக்கும் தண்டைப் பிடித்திருக்கும் நட்டுகளுள் நான்கு, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆதலால் அத்தண்டைக் கழற்றுமுன் நீரை வடித்து, ஏனைய ஹெட் நட்டுகளையும் தளர்த்துதல் வேண்டும். இதை அறியாது நான்கை மட்டும் திறப்பவர், சிலிண்டருக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் நீர் இறங்க வழிசெய்கின்றார்.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டுக் கட்டு, உள்ளங்கையில் அடங்கும் கருவி. எஞ்சினின் நடை பெரும்பாலும் அதனைப் பொறுத்தது. வால்வு இடைவெளி 0.012 அங்குலம், தீப்பொறி பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம், மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் தரும் தொடுமுனைகளின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். தகடு இடைவெளியில் இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. எண்ணெய் பூசிய தாளை இழுப்பது போன்ற சிறு தடையுடன் நகரவேண்டும். மின்சார வேலைக்கு 12 வோல்ற் சோதனை விளக்கொன்று தொடக்கத்திற் போதும். மைனரில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. இக்கால வண்டிகளில் எதிர்முனை அவ்வாறு இணைக்கப்படுகின்றது. வேலைக்கு முன் எப்போதும் உடலோடு சேர்ந்த கம்பியையே முதலிற் கழற்றவேண்டும். மற்ற முனையை முதலிற் கழற்றப் புகுந்தால், ஸ்பானர் தற்செயலாக உடலைத் தொட்டபோது பெருந்தீப்பொறி எழும்.

கிறீஸ் ஏற்றும் குழலைப் பலர் இறுதியில் வாங்கும் பொருளாக எண்ணுகின்றனர். மைனரைப் பொறுத்தவரை அது முதல் வரிசையில் வைக்கத்தக்கது. அதன் முன்சில்லுகள் புரிவெட்டிய முளைகளின்மேல் திரும்புகின்றன. கிறீஸ் இன்றி ஓடினால் அப்புரிகள் தேய்ந்து, ஒருநாள் முளை கழன்று, சில்லு உடலுக்கடியில் மடிந்துவிடும். வண்டி வேகமாகச் செல்லும்போது இது நேர்ந்தால் விளைவு சொல்லவேண்டியதில்லை. சில நிமிட நேரத்துக் கிறீஸ் வேலை அதைத் தடுக்கும்.

எல்லாவற்றிலும் மேலாகக் கருதப்படவேண்டியது வண்டியை உயர்த்தும் முறை. மற்றக் கருவி பிழைத்தால் நட்டுக் கெடும், விரல் காயப்படும். இதிற் பிழைத்தால் உயிர் போகும். ஜாக்கி என்பது உயர்த்தும் கருவியே அன்றித் தாங்கும் கருவி அன்று. எண்ணெயழுத்தத்தால் இயங்கும் ஜாக்கியின் முழுப் பாரத்தையும் உள்ளேயுள்ள சிறு றப்பர் வளையம் தாங்குகின்றது. அது கிழிந்த கணத்தில் வண்டி இறங்கிவிடும். ஆகையால் உயர்த்திய வண்டியை இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்கி வைத்த பின்னரே கீழே செல்லவேண்டும். சீமெந்துக் கற்களையும் செங்கற்களையும் தாங்கியாக வைப்பது இங்குப் பரவலான வழக்கம். அவை பரந்த பாரத்தைத் தாங்குமேயன்றி, ஒரு முனையிற் குவியும் பாரத்தைத் தாங்கமாட்டா, முன்னறிவிப்பின்றி நொறுங்கும். நிலம் கெட்டியாகவும் சமமாகவும் இருத்தல் வேண்டும்; மணல்நிலமாயின் தடித்த பலகை இட்டு அதன்மேல் தாங்கியை நிறுத்தவேண்டும். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும்.

மைனர் வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலே பாரத்தைத் தாங்குகின்றது. அதன் பக்கங்களில் ஜாக்கி பொருத்துதற்கென அமைத்த இடங்கள் கறள் மிகுதியாகப் பிடிக்கும் இடங்களுமாகும். வெளியே வர்ணம் நன்றாக இருப்பினும் உள்ளே தகடு கரைந்திருக்கலாம். ஜாக்கியை ஏற்றினால் அது உடலைத் துளைத்துக்கொண்டு போகும். எனவே திருப்புளியின் நுனியால் அவ்விடத்தைக் குத்திச் சோதித்தபின்னரே பாரம் ஏற்றுதல் வேண்டும். கண்ணாடி போன்ற காப்பைக் கண்ணுக்கு அணிவதும் மறக்கலாகாது; வண்டியின் கீழ்ப்புறத்தில் விழும் கறள் துணுக்கு நேராகக் கண்ணிலேயே விழும். பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அத்தூசியை வாயால் ஊதுவதும் காற்றால் அடிப்பதும் நுரையீரலுக்குத் தீங்கு. ஈரத்துணியால் துடைத்து அகற்றவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டுவதில்லை. முதற்கட்டத்தில் 7/16 முதல் 3/4 அங்குலம் வரையுள்ள கூட்டு ஸ்பானர் கட்டு, மூன்று நேர்வெட்டுத் திருப்புளிகள், இரண்டு குறுக்குவெட்டுத் திருப்புளிகள், சுத்தியல், குறடு, பிளக் சொக்கற், இடைவெளித் தகடுகள், கிறீஸ் குழல், நல்ல ஜாக்கி ஒன்று, தாங்கிகள் இரண்டு என்பன போதும். இவற்றைக் கொண்டு எண்ணெய் மாற்றலாம், எஞ்சினைச் சீர்படுத்தலாம். இரண்டாம் கட்டத்தில் சொக்கற் கட்டும், நீண்ட கைப்பிடியும், தட்டுத் திருப்புளியும், பிறேக் குழாய் ஸ்பானரும், வைசும் சேரலாம். முறுக்களவு ஸ்பானரும் புரிவெட்டிகளும் எஞ்சினைத் திறக்கும் நாள் வரும்போது வாங்கத்தக்கன. ஆண்டுக்கொருமுறை வேண்டும் இழுவைக் கருவிகளை அயலிலுள்ள திருத்தகத்தில் இரவல் பெறுவதில் இழிவில்லை; திருப்பிக் கொடுக்கும்போது துடைத்துக் கொடுப்பது நன்று.

பழைய கருவிகளை ஒதுக்கவும் வேண்டியதில்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தை போன்ற, பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடங்களிலும், மூடப்பட்ட திருத்தகங்களின் பழைய பெட்டிகளிலும் இங்கிலாந்திலே அடித்துச் செய்த அங்குல ஸ்பானர்கள் இன்னும் அகப்படுகின்றன. வாங்குமுன் அவற்றை ஒளியிற் பிடித்துப் பார்க்கவேண்டும். வாய் விரிந்ததும், நீட்டி ஒட்டியதும், அரைத்து அளவு மாற்றியதும் கூடா. மேற்பரப்பில் மட்டும் கறள் பிடித்தது குற்றமன்று. அது மண்ணெண்ணெயிலும் தூரிகையிலும் போய்விடும். புதியது வாங்குவோர், குரோம் வனேடியம் என்னும் எழுத்தை மட்டும் நம்பாது, அரை அங்குல நட்டொன்றைக் கையிற் கொண்டு சென்று, ஸ்பானரில் இட்டு ஆட்டிப் பார்த்து வாங்குதல் தக்கது. எழுத்துப் பொய் சொல்லலாம். ஆட்டம் பொய் சொல்லாது.

வாங்கிய கருவியைப் பேணுதலும் வேலையின் ஒரு பகுதியே. நாள் முடிவில் வியர்வையையும் கிறீசையும் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வைத்தால், உப்புக்காற்று அதனை அணுகாது. பலகையில் ஒவ்வொன்றின் வடிவத்தையும் கோடிட்டுத் தொங்கவிட்டால் காணாமற்போனது எது என ஒரே பார்வையிற் தெரியும். இவ்வொழுங்கு அழகுக்காக மட்டுமன்று. எஞ்சின் மூடியின் உள்ளே மறந்துவிடப்பட்ட ஒரு ஸ்பானர், காற்றாடியின் இதழில் அகப்பட்டால் நீர்க்கலத்தையே கிழித்துவிடும். கருவிகள் யாவும் பலகைக்குத் திரும்பியதை எண்ணிப் பார்த்த பின்னரே எஞ்சினை இயக்குவது நல்ல வழக்கம்.

அளவு பொருந்திய பத்துக் கருவிகள், பொருந்தாத நூறிலும் மேலானவை. அவற்றைக் கொண்டு மெல்லக் கற்பவர், ஒரு வண்டியை மட்டும் ஓடவைப்பதில்லை. ஒவ்வொரு ஆணியும் ஏன் அவ்விடத்தில் அவ்வாறு வைக்கப்பட்டது என்பதையும் அறிந்துகொள்கின்றார். அவ்வறிவு வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் செல்லுமாயின், பாட்டனாரின் வண்டி இன்னும் ஒரு தலைமுறை வீதியில் ஓடும்.